வயது எடுத்துக்கொண்ட நிமிடங்கள் எத்தனை?

கேள்வி: எனக்கு 54 வயது. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். கணியம்பாடி ஒன்றியத்தில் ஒரு கிராமம் எங்கள் ஊர். பட்டாளத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஓடுகிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் 10 கிலோமீட்டர் ஓடி நேரத்தை நோட்டில் குறித்துவைப்பது வழக்கம். 45 வயதில் 41 நிமிடம் 5 வினாடி. 48-இல் 42:10. 51-இல் 43:35. 53-இல் 45:20. இந்த ஜனவரியில் 47:50. விட்டுவிடக் கூடாது என்று ஓராண்டாக வாரம் 60 கிலோமீட்டரை 90 ஆக்கி, நான்கு நாள் முழு வேகத்தில் ஓடுகிறேன். பலன் இல்லை. காலையில் எழுந்ததும் வலது குதிகாலுக்கு மேலே நரம்பு இழுக்கிறது. ஓடத் தொடங்கினால் சரியாகிறது. எவ்வளவு முயன்றாலும் கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு 140-ஐத் தாண்டவில்லை, முன்பு 170 வரை போகும். கால் கனக்கிறது. இரண்டு ஆண்டுகளாக ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பணி. மாதத்தில் பாதி நாள் இரவு வேலை. ஒன்றரை ஆண்டாக ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால் 50 காலையில் ஒன்று போடுகிறேன். மற்றபடி நோய் இல்லை. அடுத்த ஆண்டு 55 வயதுப் பிரிவில் மூத்தோர் தடகளத்தில் 10,000 மீட்டர் ஓட ஆசை. என் மகனோ, வயதாகிவிட்டது, இனி நடந்தால் போதும் என்கிறான். அவன் சொல்வது சரிதானா?

பதில்:

அன்புள்ள ஹவில்தார் ஐயா,

எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை "முன்பு போல ஓட முடியவில்லை" என்பதோடு நின்றுவிடும். முன்பு என்றால் எப்போது, எவ்வளவு குறைந்தது என்று எழுதியவருக்கே தெரிந்திருக்காது. நீங்கள் ஒன்பது ஆண்டுக் கணக்கை வினாடி சுத்தமாக அனுப்பியிருக்கிறீர்கள். எருது விடும் விழாவில் சில வினாடி வித்தியாசத்தில் பரிசு கைமாறுவதைத் தை மாதந்தோறும் பார்த்து வளர்ந்த பக்கத்துக்காரர் அல்லவா! உங்கள் கேள்விக்கு விடை அந்த நோட்டிலேயே இருக்கிறது. சேர்ந்து படிப்போம்.

நெடுந்தூர ஓட்டத்தில் நன்றாகப் பழகிய ஒருவர், நாற்பதுகளிலிருந்து ஏறத்தாழ எழுபது வரை, பயிற்சியை விடாமல் இருந்தால் ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று முன்பின்னாக வேகம் இழப்பார். இது மிகப் பலரின் போட்டி நேரங்களைப் பார்த்து வந்த பொதுக்கணக்கு. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். உங்கள் 41:05-இல் ஒரு சதவீதம் என்பது 25 வினாடி. 45 வயதிலிருந்து ஆண்டுக்கு 25 வினாடி கூட்டிக்கொண்டே வாருங்கள். 48-இல் 42:20 வர வேண்டும். நீங்கள் ஓடியது 42:10. 51-இல் 43:35 வர வேண்டும். நீங்கள் ஓடியதும் 43:35. அதுவரை வயது தன் பங்கை மட்டும் நேர்மையாக எடுத்திருக்கிறது. ஒரு வினாடிகூட நீங்கள் சோம்பலால் இழக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கணக்கு இடிக்கிறது. 53-இல் 44:25 வர வேண்டிய இடத்தில் 45:20. 54-இல் 44:50 வர வேண்டிய இடத்தில் 47:50. மொத்தம் இழந்தது 6 நிமிடம் 45 வினாடி. அதில் 3 நிமிடம் 45 வினாடியை வயதின் பெயரில் எழுதலாம். மீதி மூன்று நிமிடத்தை வேறு யாரோ எடுத்திருக்கிறார்கள். உங்கள் மகன் முழுப் பழியையும் வயதின் தலையில் போடுகிறார். நீங்களும் மனத்துக்குள் அப்படியே நினைப்பதால்தான் 90 கிலோமீட்டர் ஓடி வயதோடு மல்லுக்கு நிற்கிறீர்கள்.

வயது உண்மையில் என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இதயம் உச்சமாக எத்தனை முறை துடிக்க முடியும் என்பதற்கு ஒரு மேல்வரம்பு உண்டு. இதயத்துக்குள் துடிப்பைத் தொடங்கிவைக்கும் முடிச்சு வயதோடு மெதுவாகிறது. உடலை உசுப்பிவிடும் சுரப்பான அட்ரினலின் தட்டி எழுப்பினாலும் இளமையில் போல அது துள்ளி எழுவதில்லை. இன்று பலரும் பயன்படுத்தும் சூத்திரம் இது: வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழியுங்கள். 45 வயதில் 176 அல்லது 177. 54 வயதில் 170. ஒருவருக்கொருவர் பத்துத் துடிப்பு முன்பின் இருக்கலாம். எந்தப் பயிற்சியும் இந்த வரம்பை உயர்த்தாது. ஒலிம்பிக் வீரருக்கும் டீக்கடைக்காரருக்கும் இது ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் இறங்குகிறது. துடிப்பின் உச்சம் இறங்கினால், உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவும் இறங்கும். ஓடாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அளவு பத்து ஆண்டுக்குப் பத்து சதவீதம் போல் குறைகிறது. கடும் பயிற்சியை விடாதவர்களுக்கு அதில் பாதியளவே குறைந்ததாகப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தவர்கள் கண்டிருக்கிறார்கள். பயிற்சியால் கிடைக்கும் லாபம் அங்கேதான் இருக்கிறது.

மகிழ்ச்சியான பக்கமும் உண்டு. ஒரே வேகத்தில் ஓட எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்ற சிக்கனம், பழகிய ஓட்டக்காரரிடம் வயதானாலும் பெரிதாகக் கெடுவதில்லை. தன் உச்ச அளவில் எத்தனை சதவீதத்தில் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியும் என்ற திறனும் அப்படித்தான். நூறு மீட்டர்க்காரர் இருபதுகளிலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடும்போது, 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் மராத்தானை போர்ச்சுகலின் கார்லோஸ் லோபெஸ் 37 வயதில் வென்றார். அடுத்த ஆண்டு 38 வயதில் ரோட்டர்டாமில் 2:07:12 ஓடி உலகச் சாதனை படைத்தார். ருமேனியாவின் கான்ஸ்டன்டினா டிட்டா 2008 பீஜிங்கில் மராத்தான் தங்கம் வென்றதும் 38 வயதில்தான்.

கனடாவின் எட் விட்லாக்கைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. மில்டன் என்ற ஊரில், வீட்டுக்கு அருகிலிருந்த கல்லறைத் தோட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி மணிக்கணக்கில் மெதுவாக ஓடிப் பழகியவர். 2004-இல் 73 வயதில் 2 மணி 54 நிமிடம் 48 வினாடியில் மராத்தான் முடித்தார். 2016-இல் 85 வயதில் 3:56:34. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் இழந்திருக்கிறார். அதாவது ஆண்டுக்கு மூன்று சதவீதம் போல். உலகமே வியந்த அந்த மனிதருக்கே எழுபதுகளின் நடுவுக்குப் பிறகு சரிவு செங்குத்தானது. உங்களுக்கு வயது 54. நீங்கள் நிற்பது சரிவு இன்னும் சாய்வாக இருக்கும் இடத்தில். ஆகவே ஒரே ஆண்டில் இரண்டரை நிமிடம் விழுவதை வயது என்று என்னால் ஏற்க முடியாது.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி ஆசிரியர் காட்பாடியில் என் சிகிச்சை அறைக்கு வந்தார். ஐம்பது தாண்டியவர், அரை மராத்தான் ஓடுபவர். ஆறு மாதமாக வேகம் விழுந்துகொண்டே போகிறது என்றார். காலைப் பார்த்தேன், இடுப்பைப் பார்த்தேன், கோளாறு ஒன்றும் தெரியவில்லை. வயதுக்கு ஏற்ற தளர்ச்சிதான் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு வேறொருவர் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார். ஹீமோகுளோபின் பாதியாக இருந்தது. குடலில் எங்கோ புண், சொட்டுச் சொட்டாக ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நல்லவேளையாக அவர் பிழைத்து மீண்டும் ஓடினார். அந்தத் தவறு என்னுடையது. அன்று முதல் "எவ்வளவு குறைந்தது" என்பதோடு "எத்தனை நாளில் குறைந்தது" என்றும் கேட்காமல் யாரையும் நான் அனுப்புவதில்லை. மெல்ல மெல்லக் குறைவது வயது. திடுமென்று குறைந்தால் தேட வேண்டும்.

சரி, உங்கள் மூன்று நிமிடத்தைத் தேடுவோம். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஒன்றரை ஆண்டாக அட்டெனோலால் 50. எனக்கு அந்த வரிதான் கடிதத்தின் நடு முடிச்சாகத் தெரிகிறது.

அட்டெனோலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனோலால் என்று "லால்" என முடியும் மாத்திரைகளை பீட்டா பிளாக்கர் என்பார்கள். இதயத்தில் அட்ரினலின் வந்து தட்டும் கதவை இவை மூடிவைக்கின்றன. அதனால் துடிப்பு குறைகிறது, ரத்த அழுத்தமும் குறைகிறது. உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இதனால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஓட்டக்காரருக்கோ குதிரைக்குக் கடிவாளம் இறுக்கிப் பிடித்தது போலாகும். ஏற்றத்தில் உயிரைக் கொடுத்து ஓடினாலும் இதயம் ஒரு அளவுக்கு மேல் ஏறாது. மூச்சைவிடக் கால் முதலில் சோர்ந்துபோகும். கால் கனக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதை இந்த மாத்திரை போடும் ஓட்டக்காரர்களிடம் நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

மறுபடி கணக்குக்கு வாருங்கள். வயது பத்து ஆண்டில் ஏழு துடிப்பை எடுக்கும். 170-இலிருந்து 140-க்கு, ஒன்றரை ஆண்டில் முப்பது துடிப்பை எடுக்க அதற்கு வலு கிடையாது. மாத்திரைக்கு உண்டு. நீங்கள் மாத்திரை தொடங்கியது 52 வயதில். அதை அடுத்து வந்த ஜனவரியில்தான் நோட்டில் முதல் முறையாகக் கணக்கு இடித்திருக்கிறது.

கைக்கடிகாரத்தை மட்டும் நம்ப வேண்டாம். வேர்வையிலும் கையாட்டத்திலும் அது தவறாகக் காட்டுவது உண்டு. அடுத்த வேக ஓட்டம் முடிந்த நொடியில் நின்று, மணிக்கட்டில் விரல் வைத்துப் பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 35 வந்தால் 140. துடிப்பு சீராக இல்லாமல் விட்டு விட்டு, தாறுமாறாக வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நீண்ட காலம் கடுமையாக ஓடியவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் கோளாறு சற்று அதிகமாக வருவது தெரிந்த செய்தி.

இப்போது மிக முக்கியமான வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு நாளைக் காலை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் அடக்கிவைத்த துடிப்பும் அழுத்தமும் சீறிக்கொண்டு எழும்; நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போனவர்கள் உண்டு. நான் இயன்முறை மருத்துவன். மாத்திரையை மாற்றும் உரிமை எனக்கு இல்லை, உங்களுக்கும் இல்லை. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போங்கள். நோட்டையும் கொண்டு போங்கள். "நான் போட்டிக்கு ஓடுகிறவன், இந்த மாத்திரையை எனக்கு ரத்த அழுத்தத்துக்கு மட்டும்தான் கொடுத்தீர்களா, இதயத்தில் வேறு காரணமும் இருக்கிறதா?" என்று கேளுங்கள். வேறு காரணம் இருந்தால் மாத்திரை தொடரத்தான் வேண்டும். அப்போது 10 கிலோமீட்டருக்குப் புதிய இலக்கு வைத்துக்கொள்வோம். அழுத்தத்துக்கு மட்டும் என்றால், ஓட்டத்துக்குக் கடிவாளம் போடாத வேறு வகை மாத்திரைகள் இருக்கின்றன; இன்று பெரும்பாலும் அவற்றையே முதலில் எழுதுகிறார்கள். மருத்துவர் பழையதைப் படிப்படியாகக் குறைத்துப் புதியதைத் தொடங்குவார்.

அப்போது இன்னொன்றையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் வகை ரத்த அழுத்த மாத்திரைகள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. மூத்தோர் போட்டிக்கும் அந்த விதி பொருந்தும். வேலூர் வெயிலில் ஓடுபவருக்கு அந்த வகை வேறு விதத்திலும் ஒத்துவராது.

மருத்துவரிடம் போன கையோடு சில பரிசோதனைகளையும் முடித்துவிடுங்கள். இ.சி.ஜி., எக்கோ, நடைமேடையில் ஓடவிட்டுப் பார்க்கும் டிரெட்மில் சோதனை. ரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்புச் சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, மூன்று மாதச் சராசரி சர்க்கரை. அந்த ஆசிரியருக்கு நான் சொல்லத் தவறியவை இவை. நமக்கு மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறிச் சிகிச்சைக்கு வரும் ஊர் இது. பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் இருந்துகொண்டு நீங்கள் தள்ளிப்போடக் கூடாது. அதுவரை வேக ஓட்டம் வேண்டாம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி, தலைச்சுற்றல் வந்தால் அன்றே மருத்துவமனை.

மாத்திரையைத் திருத்தினால் மூன்று நிமிடமும் திரும்பிவிடுமா என்றால், வராது. 53-க்கும் 54-க்கும் இடையில் விழுந்த இரண்டரை நிமிடத்தில் உங்கள் கைங்கரியமும் இருக்கிறது. வருத்தப்படாமல் கேளுங்கள். வாரம் 90 கிலோமீட்டர், அதில் நான்கு நாள் முழு வேகம், மாதத்தில் பாதி நாள் இரவு வேலை. இருபத்தைந்து வயது சிப்பாய்க்கு இந்தத் திட்டத்தைக் கொடுத்தாலே படுத்துவிடுவான்.

ஓட்டம் உடலைக் கிழிக்கிறது. ஓய்வும் உறக்கமும்தான் தைக்கின்றன. வயதானவரிடம் தையல் மெதுவாக நடக்கிறது. முன்பு கடினமான ஓட்டத்துக்குப் பின் ஒருநாள் போதுமாக இருந்தவருக்கு ஐம்பதுக்கு மேல் இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் தேவைப்படும். நீங்கள் தைத்து முடிப்பதற்குள் மறுபடி கிழித்துக்கொண்டிருக்கிறீர்கள். இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குவது அரை உறக்கம்தான். பட்டாளத்துப் பழக்கம், வலித்தால் இன்னும் கொஞ்சம் என்று பழக்கியிருக்கும். கம்மவான்பேட்டைப் பக்கத்திலிருந்து என்னிடம் வரும் முன்னாள் வீரர்கள் எல்லாரிடமும் இதையே பார்க்கிறேன். அந்த உறுதியை மதிக்கிறேன். அதை இப்போது ஓய்வெடுப்பதில் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேகத்தை முற்றிலும் விட்டுவிடச் சொல்கிறேனா? மாட்டேன். அது எதிர்ப்பக்கத்துத் தவறு. வயதானால் மெதுவாக நெடுந்தூரம் ஓடினால் போதும் என்று சொல்லும் பயிற்சியாளர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தன் ஆக்சிஜன் உச்ச அளவைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் எல்லாம் கொஞ்சமாவது கடினமான ஓட்டத்தை விடாமல் வைத்திருந்தவர்கள். எண்ணிக்கையைக் குறையுங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள். மருத்துவர் பச்சைக்கொடி காட்டிய பிறகு, மொத்தத்தை வாரம் 55 கிலோமீட்டருக்கு இறக்குங்கள். ஒருநாள் மைதானத்தில் ஆயிரம் மீட்டர் ஐந்து தடவை, உங்கள் 10 கிலோமீட்டர் போட்டி வேகத்தில், இடையிடையே மூன்று நிமிடம் மெல்லோட்டம். மூன்று நாள் கழித்து இருபது நிமிடம் சமவேக ஓட்டம், இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச முடியாத அளவு. ஞாயிற்றுக்கிழமை 14 கிலோமீட்டர் சாவகாசமாக. ஒருநாள் முழு ஓய்வு. மீதி நாட்களில் கதை பேசிக்கொண்டே ஓடும் ஓட்டம். இரவு வேலை முடித்து வந்த காலையில் கடின ஓட்டம் கூடவே கூடாது. திட்டத்தை வேலை அட்டவணைக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளுங்கள். பீட்டா பிளாக்கர் தொடரும் வரை இந்தத் துடிப்பு என்றால் மெல்லோட்டம், இந்தத் துடிப்பு என்றால் கடின ஓட்டம் என்று கைக்கடிகாரம் பிரித்துக் காட்டும் துடிப்பு மண்டலங்கள் உங்களுக்குப் பொருந்தாது. பேச்சுதான் உங்கள் அளவுகோல்.

குதிகால் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நரம்பு என்று எழுதியது நரம்பல்ல. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டும் தடித்த தசைநாண். ஓட்டத்தில் வயது அதிகமாகக் கைவைக்கும் இடம் அதுதான். வயதான ஓட்டக்காரர் இளைஞரைவிட மெதுவாக ஓடுவதற்குக் காரணம், நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்பதில் பெரும்பாலும் இருக்காது. ஒவ்வொரு அடியும் குறுகிவிடுகிறது. கணுக்கால் தரையை உந்தித் தள்ளும் வலு குறைந்துவிடுவதே அதற்குக் காரணம். கெண்டைக்கால் தசை மெலிகிறது, குறிப்பாக வேகமாகச் சுருங்கும் இழைகள். தசை தளர்ந்தால் பாரமெல்லாம் தசைநாணில் விழுகிறது. காலையில் முதல் சில அடிகள் வலித்து, ஓடினால் சரியாவது தசைநாண் சிதைவின் பழைய அடையாளம். சூடேறியதும் வலி மறைவதைக் குணம் என்று எண்ணி ஏமாற வேண்டாம். மறுநாள் காலை இழுப்பு கூடியிருந்தால் முந்தின நாள் ஓடியது அதிகம் என்று பொருள்.

எண்ணெய் தேய்ப்பது இதமாக இருக்கும், ஆனால் தசைநாணைத் திருத்தாது. அதைத் திருத்துவது பாரம். வீட்டு வாசல்படியில் முன்பாதம் மட்டும் பதிய நில்லுங்கள், குதிகால் வெளியே தொங்கட்டும். இரண்டு காலாலும் எம்பி, நல்ல காலை எடுத்துவிட்டு, வலிக்கும் காலில் மட்டும் மிக மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குங்கள். பதினைந்து முறை செய்தால் ஒரு சுற்று. முட்டியை நீட்டி மூன்று சுற்று, லேசாக மடக்கி மூன்று சுற்று. காலையும் மாலையும், பன்னிரண்டு வாரம். கொஞ்சம் வலிக்கும், தாங்கக்கூடிய வலி என்றால் தொடருங்கள். சுலபமானதும் தோள்பையில் ஐந்து கிலோ அரிசி, பிறகு பத்து கிலோ. உங்களுக்குத் தோளில் மூட்டை சுமப்பது புதிதல்லவே. மூன்றாவது வாரத்தில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம். தசைநாண் மெதுவாகத்தான் கேட்கும்.

ஒரு பக்கச் செய்தி: கடந்த சில மாதங்களில் காய்ச்சலுக்கோ வயிற்றுப்போக்குக்கோ சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரை எடுத்தீர்களா? அந்தக் குடும்பத்து மருந்துகள் தசைநாணைப் பலவீனப்படுத்தக் கூடியவை, அரிதாக அறுந்துபோனதும் உண்டு. எடுத்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இனி மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

இழுப்பு அடங்கிய பிறகு வாரம் இருமுறை தொடைக்கும் இடுப்புக்கும் பாரப் பயிற்சி சேர்க்க வேண்டும். ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, பாரத்தோடு படி ஏறுவது போதும். கூடவே மெல்லோட்டத்தின் முடிவில் எண்பது மீட்டர் வேக ஓட்டம் ஆறு. அமிர்திப் பக்கம் போகும் சாலையின் சிறு ஏற்றங்கள் இதற்கு நல்ல இடம். ஏற்றத்தில் ஓடும்போது பாதம் தரையில் மோதும் அதிர்ச்சி குறைவு, உந்தும் வேலை அதிகம்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஓட்டத்தை விடாத வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் தேவை. அறுபது கிலோ எடை என்றால் 72 முதல் 96 கிராம். கேழ்வரகுக் களியில் சுண்ணாம்புச் சத்து ஏராளம், புரதம் குறைவு. அதை மட்டும் நம்பினால் தசை கரையும். முட்டை ஒன்றில் ஆறு கிராம். நம் கழனியில் விளையும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, நூறு கிராமில் இருபத்தைந்து கிராம். பருப்பு, சுண்டல், தயிர், கோழி, மீன் எது ஒத்துக்கொள்கிறதோ அதை மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள்.

வெயில் பற்றி ஒரு சொல். வயது ஏற ஏற வேர்வை தாமதமாக வருகிறது, தாகம் மங்குகிறது. நாற்பது டிகிரியைத் தாண்டும் சித்திரை, வைகாசியில் தாகத்துக்காகக் காத்திராமல் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். ஆறு மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிடுங்கள். கோடையில் நேரம் கூடுவதை நோட்டில் தனி நிறத்தில் எழுதுங்கள். அதை வயதின் கணக்கில் சேர்க்கக் கூடாது.

உங்கள் மகனுக்கு என் சார்பில் சொல்லுங்கள். அப்பா மீதுள்ள அக்கறையில் பேசுகிறார், அது எனக்குப் புரிகிறது. ஆரோக்கியத்துக்கு மட்டும் என்றால் நடை போதும். ஆனால் அப்பா கேட்டது போட்டியைப் பற்றி. டிரெட்மில் சோதனைக்கு அவரையே கூட அழைத்துப் போங்கள். அப்பாவின் இதயம் என்ன சொல்கிறது என்பதை அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். ஜப்பானின் மரிகோ யுகேட்டா அறுபது வயதுக்கு மேல் மூன்று மணி நேரத்துக்குள் மராத்தான் முடித்த முதல் பெண். 2021-இல் 62 வயதில் 2:52:13 ஓடினார். உங்கள் வீட்டுப் பெண்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

மூத்தோர் தடகளத்தில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவு பிரிப்பது ஏன் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த ஆண்டு 55 பிரிவில் நீங்கள்தான் சின்னவர். உங்கள் எதிரே நிற்பவர்களில் 59 வயதுக்காரரும் இருப்பார். மாத்திரை மாறி, குதிகால் ஆறி, உறக்கம் சீரானால் 45 நிமிடத்தை ஒட்டி எதிர்பார்க்கலாம் என்பது என் கணிப்பு. 41 திரும்பாது. அதை எதிர்பார்த்து ஓடினால் மறுபடி குதிகாலில்தான் போய் நிற்கும்.

நோட்டில் இனி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் மூன்று பத்தி கூடுதலாகக் கோடு போடுங்கள்: கையால் எண்ணிய துடிப்பு, முந்தின இரவு உறங்கிய மணி, மறுநாள் காலை குதிகால் இழுத்ததா இல்லையா. மருத்துவரைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு வாரம் எழுதி, அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள். போட்டிக்கான திட்டத்தை அதை வைத்து எழுதித் தருகிறேன்.